அவன் ஓட்டினால் மட்டும் வரும் சத்தம்

துறைமங்கலத்து வீட்டு வாசலிலிருந்து காரைப் பின்னோக்கி எடுக்கையில் அந்தச் சத்தம் மறுபடியும் எழுந்தது. இரும்பை இரும்பு கடிப்பது போன்ற கரகரப்பு. அஜித்குமார் கியரை விடுவித்துச் சற்றுப் பொறுத்து மீண்டும் ரிவர்ஸில் தள்ளினான். இரண்டாம் முறையும் கடித்தது; மூன்றாம் முறைதான் விழுந்தது. பின்னிருக்கையில் அமர்ந்திருந்த புவனேஸ்வரி அதை எண்ணிக்கொண்டிருந்தாள். அவள் பார்வை அவனுடைய பிடரியின்மேல் இருந்தது.

அவளுடைய கணவன் அறிவரசன் சிங்கப்பூரில் ஒன்பது ஆண்டுகளாக வெல்டராக உழைத்து வாங்கிய பழைய டீசல் கார் அது. பெரம்பலூரிலிருந்து வாடகைக்கு ஓடிக்கொண்டிருந்தது. வாடிக்கையாளர்களின் அழைப்புகள் அவளுடைய கைப்பேசிக்கு வரும். வண்டியை ஓட்டுவது அஜித்குமார். இரண்டரை ஆண்டுகளாக அவன்மீது ஒரு குறையும் சொல்ல நேர்ந்ததில்லை. வைகாசித் திருவிழாவுக்காகப் பூலாம்பாடிக்குப் பக்கத்திலுள்ள தன் ஊருக்கு ஐந்து நாள் விடுப்பில் போய்த் திரும்பிய பின்புதான் எல்லாம் கோணலாயிற்று.

அந்த ஐந்து நாளும் பாலக்கரை வாடகைக் கார் நிறுத்தத்தைச் சேர்ந்த சுரேஷ்குமார் வண்டியை ஓட்டினான். அப்பொழுது ஒரு சத்தமும் இல்லை. அஜித்குமார் திரும்பிய மறுநாளே, கியர் விழ மாட்டேன் என்கிறது என்று சொன்னான். சுரேஷ்குமார் எந்நேரமும் கிளட்ச் பெடலின்மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டி அதைத் தீய்த்துவிட்டான் என்பது அவனுடைய குற்றச்சாட்டு. பிறகு தனக்குத் தெரிந்த ஒரு பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோய்க் காட்டி, கிளட்ச் முழுவதையும் மாற்ற வேண்டுமாம் என்ற செய்தியோடு வந்தான்.

இதைக் கேட்ட சுரேஷ்குமார் தொலைபேசியில் சிரித்தான். ஓட்டுநர்கள் இல்லாத கோளாற்றை இருக்கிறதென்று சொல்லி வண்டியைப் பட்டறையில் விடுவதும், பட்டறைக்காரர்கள் அவர்களுக்குக் கமிஷன் கொடுப்பதும் ஊரறிந்த சங்கதி என்றான். அவன் சொல்லியிராவிட்டாலும் புவனேஸ்வரிக்கு அந்த ஐயம் தோன்றியிருக்கும். ஏனெனில், எப்பொழுதும் ரப்பர்ச் செருப்போடு வண்டியோட்டும் அஜித்குமார், விடுப்பிலிருந்து திரும்பியது முதல் கால் முழுவதையும் மூடும் புதிய ஷூவும் சாக்ஸும் அணிந்து வந்தான். இந்த வெயிலில் ஷூ எதற்கு? அதை வாங்கக் காசு ஏது? கேட்டதற்கு, மச்சான் வாங்கிக் கொடுத்தான் என்றான். அவனுக்கு மச்சான் என்று ஒருவன் இருப்பதாக அவள் அதுவரை கேள்விப்பட்டதில்லை.

அன்று காலை எங்கே போகிறோம் என்று சொல்லாமலே அவள் வண்டியில் ஏறினாள். அரியலூர்ச் சாலையில் திரும்பச் சொன்ன பின்புதான் விஷயத்தைத் திறந்தாள். அரியலூரில், செந்துறை சாலையில், அறிவரசனுக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் இருக்கிறார். அவருக்கும் அஜித்குமாருக்கும் முன்பின் பழக்கமில்லை. அதனாலேயே அவரைத் தேர்ந்தெடுத்திருந்தாள்.

"இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள தெரிஞ்சிரும் அஜித்து. வண்டியில கோளாறுன்னா வண்டிய சரி பண்றேன். ஆளுல கோளாறுன்னா ஆள மாத்திருவேன். சுரேசுகிட்டயும் சொல்லிட்டேன்."

"சரிங்கக்கா" என்றான் அவன். குற்றமில்லாதவன் இப்படியா அடங்கிப் போவான் என்று அவளுக்குத் தோன்றியது. ஒருவேளை அவன் எதிர்த்துப் பேசியிருந்தால், குற்றமுள்ளவன்தான் இப்படிக் குதிப்பான் என்று தோன்றியிருக்கலாம்.

சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் எதிரே வரிசையாக வந்தன. வழியிலிருந்த ஒவ்வொரு வேகத்தடையிலும் அவள் காதைத் தீட்டிக்கொண்டாள். வண்டி ஓட்டத்தில் இருக்கும்பொழுது கியர்கள் ஓரளவு ஒழுங்காக விழுந்தன. நின்று புறப்படும் இடங்களில்தான் முதல் கியர் முரண்டு பிடித்தது. அத்தகைய ஒவ்வோர் இடத்திலும் அஜித்குமாரின் இடத்தோள் ஒருவாறு மேலே ஏறி இறங்குவதையும் அவள் கண்டாள். அதற்கு என்ன பொருள் என்று விளங்கவில்லை. இருந்தாலும் அதையும் மற்றவற்றோடு சேர்த்து மனத்தில் வைத்துக்கொண்டாள்.

அந்த மெக்கானிக் செல்லதுரையின் பட்டறை தகரக் கொட்டகைதான். ஐம்பதைக் கடந்த அந்த மனிதர், சுமை வண்டியொன்றின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். இருவரும் மாற்றி மாற்றிச் சொன்னதை நிமிராமலே கேட்டார். புவனேஸ்வரி பேசும்பொழுது அஜித்குமார் வேறு பக்கம் பார்த்தான். அவன் பேசும்பொழுது அவள் அவனையே பார்த்தாள். செல்லதுரை கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"ஒரு வயித்து வலிக்கு ரெண்டு பேரு வந்து நிக்கிறீங்க. யாருக்கு ஊசி போடுறதுன்னு மொதல்ல பாப்போம்" என்றார்.

முதலில் எஞ்சினை அணைத்துவிட்டு, ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்த்தார். ஐந்தும் ரிவர்ஸும் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கின. கியர் பாக்ஸுக்குள் ஏதேனும் முறிந்திருந்தால் எஞ்சின் ஓடாதபோதும் தடுக்கும். ஆகவே கோளாறு அங்கே இல்லை என்றார். அடுத்து எஞ்சினை ஓடவிட்டு, கை பிரேக்கை இழுத்து, நான்காவது கியரில் போட்டுக் கிளட்சை மெல்ல விட்டார். வண்டி ஒருமுறை குலுங்கி, எஞ்சின் பட்டென்று நின்றது.

"பிளேட் நல்லாப் பிடிக்குது. தேஞ்சு போயிருந்தா எஞ்சின் நிக்காது, அது பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும்."

மீண்டும் எஞ்சினை ஓடவிட்டார். இப்பொழுது கிளட்சை அழுத்தி, மூன்று எண்ணும் நேரம் பொறுத்து, ரிவர்ஸில் தள்ளினார். ஒரு முனகல்கூட இல்லை. முதல் கியர், மீண்டும் ரிவர்ஸ், மீண்டும் முதல் கியர் என்று ஏழெட்டு முறை மாற்றினார். பின்னர்ச் செந்துறை சாலையில் சிறிது தூரம் ஓட்டிச் சென்று வந்து, கொட்டகைக்குள் பின்பக்கமாக ஒரே மூச்சில் நிறுத்தினார். வண்டி ஓசையின்றி உள்ளே வந்தது.

புவனேஸ்வரிக்கு முகம் சிவந்துவிட்டது. தன் ஐயம் உறுதிப்பட்டதில் ஒரு நிறைவும், இரண்டரை ஆண்டு நம்பியதில் ஓர் அவமானமும் சேர்ந்து எழுந்தன. பெரம்பலூர்ப் பட்டறையில் கிளட்ச் முழுவதையும் மாற்றச் சொன்னார்கள் என்பதை மறுபடியும் அழுத்தமாக எடுத்துரைத்தாள். அங்கே வண்டியை ஓட்டிப் பார்த்தது யார் என்று செல்லதுரை கேட்டார். தானே ஓட்டிக் காட்டியதாகவும், சத்தத்தைக் கேட்டே அவர்கள் சொன்னதாகவும் அஜித்குமார் தணிந்த குரலில் கூறினான்.

"அப்ப எனக்கும் ஓட்டிக் காட்டு" என்று சொல்லிவிட்டு அவர் பக்கத்து இருக்கையில் ஏறினார். புவனேஸ்வரி பின்னால் ஏறினாள். அஜித்குமார் ரிவர்ஸைத் தொட்டதுமே வண்டி அலறிற்று.

"பாத்தீங்களாண்ணே? நீங்க ஓட்டினா ஒண்ணுமில்ல, இவன் ஓட்டினா மட்டும் கத்துது. அரமிதி மிதிச்சு வேணும்னே பண்றான்."

"சத்தியமா இல்லக்கா. முழுசாத்தான் மிதிக்கிறேன்."

செல்லதுரை உடனே தீர்ப்புச் சொல்லவில்லை. கிளட்சை முழுதும் அழுத்தாமல் கியரைப் போட்டால் இப்படித்தான் கத்தும் என்பதையும், முதலாளியை ஏமாற்ற அதையே உத்தியாகக் கொள்ளும் ஓட்டுநர்கள் உண்டு என்பதையும் அவர் மறுக்கவில்லை. அப்படிப்பட்ட இருவரை இதே கொட்டகையில் கையும் களவுமாகப் பிடித்ததாகவும் சொன்னார். சொல்லும்பொழுது அஜித்குமாரைக் கூர்ந்து பார்த்தார். பிறகு இறங்கிப் போய்ப் பானட்டைத் திறந்தார்.

கியர் பாக்ஸின்மேல் ஒரு சிறு இரும்புக் கம்பி இருந்தது. பெடலை மிதித்தால் அது முன்னே நகர்ந்து கிளட்சை விலக்கும். செல்லதுரை புவனேஸ்வரியை அருகில் அழைத்து அதைக் காட்டினார். அஜித்குமாரை ஸ்டீயரிங்கின் முன் அமர்த்தி, முடிந்த மட்டும் மிதிக்கச் சொன்னார். கம்பி நகர்ந்தது. அது நின்ற இடத்தில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு இழுத்தார். பின்னர் அவனை இறக்கிவிட்டுத் தாம் அமர்ந்து மிதித்து, கம்பி எங்கே நிற்கிறது என்று அவளையே பார்க்கச் சொன்னார். கோட்டைத் தாண்டி மேலும் கால் விரற்கடை நகர்ந்திருந்தது.

அவளுக்கு இதற்குமேல் சான்று வேண்டியிருக்கவில்லை. கைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்து, சுரேஷ்குமாரின் எண்ணைத் தேடலானாள்.

"கொஞ்சம் பொறும்மா" என்றார் செல்லதுரை. அஜித்குமாரை மறுபடியும் உட்காரவைத்து, இம்முறை தம் கண்ணைக் கம்பியின்மேல் வைக்காமல் அவன் முகத்தின்மேல் வைத்தார். "மிதி. இன்னும் மிதி. இன்னும்."

அஜித்குமாரின் நெற்றியில் வேர்வை துளிர்த்தது. ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்தன. உதட்டைக் கடித்துக்கொண்டு தோளை உயர்த்தினான். கம்பியோ கோட்டைத் தாண்டவில்லை.

"வேணும்னு அரமிதி மிதிக்கிறவனுக்கு வேர்க்காது" என்று சொல்லிவிட்டு, கதவருகே குனிந்து கீழே பார்த்தார். பெடலின்மேல் அவனுடைய குதிகால் இருந்தது. பாதத்தின் முன்பகுதி எதிலும் படாமல் அந்தரத்தில் நின்றது.

"ஏந்தம்பி, குதிங்காலால கிளட்ச் மிதிக்கச் சொல்லி எந்த ஸ்கூல்ல குடுத்தாங்க லைசென்சு?"

ஷூ புதிது, இன்னும் பழகவில்லை என்றான் அவன். அப்படியானால் அதைக் கழற்றிவிட்டு மிதி என்றார் அவர். அவன் அசையவில்லை. கழற்ற வேண்டியதில்லை என்றான். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்றான். வேண்டுமானால் வேலையை விட்டே நின்றுகொள்கிறேன் என்றான். ஒரு ஷூவைக் கழற்றுவதற்கு அஞ்சி ஒருவன் வேலையை விடுவானா? புவனேஸ்வரி அவன் முன்னால் வந்து நின்றாள். அதற்குள் எதையோ ஒளித்து வைத்திருக்கிறான் என்றே அவள் முழுதாக நம்பினாள்.

"கழட்டு அஜித்து."

அவன் வெளியே இடக்காலை நீட்டிக் குனிந்து மெல்லக் கழற்றினான். சாக்ஸின் அடிப்பகுதி நனைந்து ஒட்டியிருந்தது. அதையும் உரித்தபொழுது, மஞ்சள் வேட்டியைக் கிழித்துச் சுற்றிய ஒரு கட்டு தெரிந்தது. அதை அவிழ்க்கும் முன்பே நாற்றம் வந்துவிட்டது. பாதத்தின் முன்பகுதியும் மூன்று விரல்களின் அடியும் வெந்து, கொப்புளங்கள் உடைந்து, ஓரங்கள் வெளுத்திருந்தன. மேலே எண்ணெயில் குழைத்த மஞ்சள் அப்பியிருந்தது.

யாரும் அவனிடம் எப்படி வெந்தது என்று கேட்கவில்லை. அந்த மாவட்டத்தில் வைகாசியில் உள்ளங்கால் வெந்தவனைப் பார்த்து அப்படிக் கேட்பவர் இல்லை. மாரியம்மன் கோவில் பூக்குழியில், தணல் பரப்பிய குண்டத்தில், அவன் இறங்கியிருக்கிறான். காப்புக் கட்டி, நாளெல்லாம் விரதம் இருந்து இறங்குகிறவனுக்குத் தணல் பூவாகத் தோன்றும் என்பது ஊர் நம்பிக்கை. கால் வெந்தால், விரதத்தில் களங்கம் இருந்தது என்று சொல்வார்கள். குடித்திருப்பான் என்பார்கள்; கறி தின்றிருப்பான் என்பார்கள். அல்லது அதனினும் கொடிதாக, அவன் வேண்டிக்கொண்டதை அம்மன் ஏற்கவில்லை என்பார்கள். சென்ற ஆண்டு எதிர்வீட்டுப் பொன்னம்மாளின் கால் வெந்தபோது அப்படிப் பேசியவர்களுள் புவனேஸ்வரியும் ஒருத்தி. இப்பொழுதும் அவளுக்கு முதலில் தோன்றியது இரக்கமன்று. குடித்திருப்பானோ என்பதுதான் தோன்றிற்று.

அவள் முகத்தில் அதை அவன் படித்திருக்க வேண்டும்.

"வெரதம் சுத்தமாத்தாங்கக்கா இருந்தேன். லீவு போடுறதுக்கு முன்னாலேர்ந்தே எட்டு நாளு ஒரு வேள சோறு. எனக்கு முன்னால கரகம் தூக்கிக்கிட்டுப் போனவரு நடுக்குழியில தடுமாறி நின்னுட்டாரு. அவரத் தாண்ட முடியல. ரெண்டு மூச்சு நேரம் இடது கால ஊனி நின்னேன். அவ்வளவுதான்."

செல்லதுரை தலையசைத்தார். நின்றால் யார் கால்தான் வேகாது என்றார். ஆனால் புவனேஸ்வரி இன்னும் விடவில்லை. உண்மை இதுவாயின், அதை முதல்நாளே சொல்லியிருக்கலாமே. சுரேஷ்குமாரின்மீது பழியைப் போட்டது ஏன்? கிளட்ச் மாற்ற வேண்டும் என்று வந்து நின்றது ஏன்?

அவன் சொன்ன பதிலில் ஒரு பாதியை அவள் நம்பினாள். வலி தெரியாமலிருக்கக் குதிகாலால் மிதித்ததாகவும், பெடல் முழுதும் போகிறதென்றே எண்ணியதாகவும், சத்தம் வந்தபொழுது சுரேஷ்குமார்தான் கெடுத்துவிட்டான் என்று உண்மையாகவே நினைத்ததாகவும் சொன்னான். பட்டறைக்காரர் கிளட்ச் போய்விட்டது என்றதும், தன் காலுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்ற ஆறுதலில் மேற்கொண்டு யோசிக்கவில்லையாம். யோசிக்க விரும்பவில்லை என்பதே சரி என்று அவள் நினைத்தாள். மறைத்ததற்குக் காரணத்தை அவன் கடைசியில்தான் சொன்னான்.

அவன் மனைவி ஜெயசுதா வளைகாப்பு முடிந்து செந்துறையில் தன் தாய்வீட்டில் இருந்தாள். முன்னே இரண்டு முறை கரு தங்கவில்லை. இந்தக் குழந்தைக்காகத்தான் அவன் பூக்குழி இறங்குவதாக வேண்டிக்கொண்டான். வேண்டியவனின் கால் வெந்தது என்று தெரிந்தால், அந்த வீட்டில் எல்லாரும் ஜெயசுதாவின் வயிற்றைத்தான் பார்ப்பார்கள்.

"வேலைய விட்டு நிப்பாட்டுங்கக்கா, பரவால்ல. கமிஷன் அடிச்சேன்னே எல்லார்கிட்டயும் சொல்லுங்க. அது என்னோட போயிரும். கால் வெந்துச்சுன்னு மட்டும் சொல்லிராதீங்க."

செல்லதுரை சுமை வண்டியின் சக்கரத்தருகே போய், ஏற்கெனவே இறுக்கிய ஒரு நட்டை மறுபடியும் இறுக்கினார். புவனேஸ்வரியின் கையில் சுரேஷ்குமாரின் எண் இன்னும் திரையில் இருந்தது. அதை அழைக்காமலும் இருக்க முடியாது. அன்று மாலை பெரம்பலூரில் ஒரு சவாரி ஒப்புக்கொண்டிருந்தாள். இந்தக் காலை வைத்துக்கொண்டு அஜித்குமார் வண்டியைத் தொடுவதை அவள் அனுமதிக்கப் போவதில்லை. கிளட்சைச் சரியாக அழுத்த முடியாத கால், லாரிகளுக்கு நடுவே ஓர் அவசரத்தில் விபத்தையே உண்டாக்கலாம். அவனுக்கு அதைச் சொன்னபொழுது அவள் குரல் கடுமையாகவே இருந்தது. உள்ளே ஆளை வைத்துக்கொண்டு பத்து நாள் இப்படி ஓட்டியதற்காக அவனை நன்றாகத் திட்டினாள். அவன் தலைகுனிந்து கேட்டுக்கொண்டான்.

பிறகு செல்லதுரையிடம் தனியே பேசினாள். அவர் அஜித்குமாரை அரசு மருத்துவமனைக்குத் தாமே அழைத்துச் சென்று கட்டுப் போட வைப்பதாகவும், புண் ஆறும்வரை யார் கண்ணிலும் படாமல் கொட்டகையின் பின்னறையில் தங்கிக்கொள்ளலாம் என்றும், உட்கார்ந்து செய்கிற வேலை நிறைய இருக்கிறது என்றும் சொன்னார். அவர் கியர் ஆயிலை இறக்கி விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தார். கொஞ்சம் இரும்புத் தூள் இருந்தது. இன்னும் பதினைந்து நாள் போயிருந்தால் ரிவர்ஸ் பல் போயிருக்கும் என்று சொல்லிப் புதிய ஆயிலை ஊற்றினார்.

சுரேஷ்குமார் பேருந்தில் வந்து இறங்கும்பொழுது மணி இரண்டைத் தாண்டியிருந்தது. அதற்குள் அஜித்குமார் பின்னறைக்குள் போய்விட்டான். புவனேஸ்வரி சாவியைக் கொடுத்துவிட்டு ஏறிக்கொண்டாள். கார் ஓசையின்றிப் பின்வாங்கி, ஓசையின்றி முதல் கியரில் சாலையேறியது.

நகரத்தைத் தாண்டும் வரை சுரேஷ்குமார் பொறுமையாக இருந்தான். பிறகு தொடங்கினான். வண்டியில் கோளாறு இல்லைதானே என்றான். தான் அப்பொழுதே சொன்னதை நினைவூட்டினான். அஜித்குமார் எங்கே என்று கேட்டான். கொஞ்ச நாள் செல்லதுரையின் பட்டறையில் இருக்கிறான் என்றாள் அவள்.

"பட்டறையிலயே சேந்துட்டானா? அப்ப கமிஷன்தானேக்கா?"

அவள் சன்னலுக்கு வெளியே பார்த்தாள். வெட்டியெடுத்த சுண்ணாம்புக்கல்லின் வெண்புழுதி, சாலையோர வேலமரங்கள்மேல் கனமாகப் படிந்திருந்தது.

"ஆமா" என்றாள்.

சுரேஷ்குமார் நிமிர்ந்து உட்கார்ந்தான். இனிமேல் வண்டி தனக்குத்தானே என்று உறுதி கேட்டான். பத்து நாளைக்கு என்றாள். பத்து நாளைக்குப் பிறகு?

"அஜித்து வந்துருவான்."

இரண்டு லாரிகள் கடந்து சென்றன. கமிஷன் அடித்தவனை யாரும் மறுபடி வேலைக்கு வைப்பதில்லை என்பதை அவன் தனக்குள் கூட்டிப் பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது. கணவன் வெளிநாட்டிலிருக்க, ஓட்டுநருக்காக ஒருத்தி இப்படிப் பரிந்தால், அந்தக் கூட்டலுக்குப் பாலக்கரை நிறுத்தத்தில் என்ன விடை எழுதுவார்கள் என்பதும் அவளுக்குத் தெரியாததன்று. இன்றிரவு அறிவரசன் அழைக்கும்பொழுது அவனிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். அவன் அதை நம்ப வேண்டும்.

சுரேஷ்குமாரின் கண்கள் கண்ணாடியில் அவள் முகத்தில் வந்து நின்றன.

"என்னமோ இருக்குக்கா."

"இருந்துட்டுப் போகட்டும். நீ ரோட்டப் பாத்து ஓட்டு."